கழிவறைக்கு ஐந்து நட்சத்திரம்

மலேசியாவில் கழிவறைக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. பெட்ரோல் நிலையத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், கதவோரம் அட்டை ஒட்டியிருக்கும். மூன்று நட்சத்திரம், நான்கு நட்சத்திரம், பாக்கியம் இருந்தால் ஐந்து. சாப்பாட்டுக் கடைகளுக்கு ஏ, பி, சி என்று தரம். ரொட்டி சானாய் வீசுகிறவர் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சிக்குப் போய்வந்திருக்க வேண்டும், தலையில் தொப்பி, இடுப்பில் ஏப்ரன். எலிப் புழுக்கை அகப்பட்டால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தைக் காட்டி 14 நாள் வரை கடையை இழுத்து மூடலாம். மறுநாள் பத்திரிகையில் படமும் வந்துவிடும். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை.

டெங்கில் பட்டணத்துக் கடைவரிசை ஒன்றில் கீழே அப்படி ஒரு சாப்பாட்டுக் கடை, மாடியில் ஒரு பல் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்கிறவனுக்கு மாவு பிசைந்த கையின் யோக்கியதை என்ன என்பது சுவரிலேயே எழுதியிருக்கிறது. சாப்பிட்ட வேகத்தில் பல் உடைந்து அவன் மாடி ஏறினால் கதை வேறு. அங்கே அவன் வாய்க்குள் விரல் போகும், ஊசி போகும், சுழன்று துளைக்கும் கருவி போகும். அந்தக் கருவி போன ஆளின் வாயைவிட்டு வெளியே வந்த பிறகு எங்கே போய்விட்டு இங்கே வந்தது என்று சொல்ல ஏயும் இல்லை, பியும் இல்லை. பக்கத்திலிருக்கும் கழிவறைக்காவது நட்சத்திரம் இருக்கலாம்.

சுவரில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பாவம். கண்ணாடி போட்டு மாட்டிய காகிதம் ஒன்று இருக்கும். அதுதான் பாரம் எஃப். தனியார் கிளினிக் நடத்தப் பதிவு செய்துகொண்டதற்கான சான்றிதழ். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம், அதாவது சட்டம் 586, இதைக் கட்டாயமாக்கியது. 1998இல் நிறைவேறிய சட்டம் 2006 மே 1இல்தான் நடப்புக்கு வந்தது. பிறந்த குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போகிற காலம். போகட்டும், வந்ததே பெரிது.

தனியார் மருத்துவமனையின் லைசென்ஸ் ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். கிளினிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். நாய் வளர்க்கிறவன் ஆண்டுதோறும் நகராண்மைக் கழகத்துக்கு லைசென்ஸ் கட்டுகிறான். பாசார் மாலாமில் அப்பம் பாலிக் விற்கிறவன் கட்டுகிறான். பல் மருத்துவரும் ஆண்டுதோறும் தொழில் செய்யும் சான்றிதழைப் புதுப்பிக்கிறார். ஆனால் அவர் கருவிகளைக் கழுவுகிற அந்த அறை, அந்தத் தண்ணீர்க் குழாய், ஆட்டோகிளேவ் என்கிற அந்தக் கொதிகலம், இவையெல்லாம் பதிந்த நாளின் இளமையோடு என்றென்றும் வாழ்வதாகச் சட்டம் நம்புகிறது. மார்க்கண்டேயனுக்குக்கூட இவ்வளவு சுலபத்தில் வரம் கிடைக்கவில்லை.

சோதனையே நடப்பதில்லை என்று சொல்லவில்லை. மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதிகாரிகள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். எழுதியது எங்கே? இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் என்ற அமைப்பு பல் கிளினிக்குக்குள் நுழைந்து பார்த்ததை அப்படியே இணையத்தில் போடுகிறது. கருவி கழுவும் அறையில் என்ன குறை, மயக்க மருந்து கெட்டுப்போனதா, அவசர மருந்துப் பெட்டியில் எது இல்லை என்பதை அந்த ஊர்க் கிழவி வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். நமக்கு அப்படிக் கிடையாது. நம் அறிக்கை கோப்புக்குள் போகிறது. கோப்பு அலமாரிக்குள் போகிறது. அலமாரிக்குப் பூட்டு உண்டு, நம் வாய்க்குத்தான் பூட்டு இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற சோதனை ஒன்று உண்டு. பெயர்ப்பலகை. 'கிளினிக் பெர்கிகியான்' என்ற தேசிய மொழி எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடப் பெரிதாக, பளிச்சென்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எழுத்துப் பிழை இல்லையென்று தேசிய மொழிக் கழகமான டேவான் பாஹாசா டான் புஸ்தாகா உறுதி செய்ய வேண்டும். பலகையில் ஒரு எழுத்து பிசகினால் சமன் வரும். ஆட்டோகிளேவ் பிசகினால் என்ன வரும் என்று கேட்கிறீர்களா? அது பிசகியது உங்களுக்குத் தெரிந்தால்தானே ஏதாவது வரும்!

இந்த ஆட்டோகிளேவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. பல் துளைக்கும் கருவிக்கு ஹேண்ட்பீஸ் என்று பெயர். அது சுழன்று நிற்கும் நொடியில் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, நோயாளியின் எச்சிலையும் இரத்தத்தையும் தன் தலைக்குள் உறிஞ்சிக்கொள்ளக் கூடியது. வெளியே துடைத்தால் பளபளக்கும், உள்ளே போன ஆளின் எச்சில் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதை நீராவி அழுத்தத்தில் 134 டிகிரியில் சில நிமிடங்கள் வேகவைக்க வேண்டும், 121 டிகிரி என்றால் கால் மணி நேரம். பொட்டலத்தில் ஒட்டிய நாடா நிறம் மாறினால் 'சூடு பட்டது' என்று மட்டும்தான் பொருள். கிருமி செத்ததா என்று பார்க்க, எளிதில் சாகாத வித்துக்களை உள்ளே வைத்து எடுத்து வளர்த்துப் பார்க்கும் தனிச் சோதனை வேண்டும். அதைச் செய்தார்களா, கடைசியாக எந்தத் தேதியில் செய்தார்கள் என்ற குறிப்பேடு கிளினிக்கில் இருக்க வேண்டும். சோதனை என்றால் அந்தக் குறிப்பேட்டைத்தான் புரட்ட வேண்டும். சுவர்க் காகிதத்தில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது சோதனை இல்லை, தரிசனம்.

2013இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரில் ஒரு பல் மருத்துவரிடம் அதிகாரிகள் திடீரென்று நுழைந்தார்கள். துருப்பிடித்த கருவிகள் கிடைத்தன. ஆட்டோகிளேவ் ஆறு ஆண்டுகளாகச் சோதிக்கப்படவில்லை என்று தெரிந்தது. அந்த மருத்துவர் ஏதோ மூலைச் சந்தில் பல்லுக்குக் கம்பி கட்டும் ஆசாமி அல்ல, படித்தவர், பெரிய பெயர் உள்ளவர். அரசு என்ன செய்தது? சுமார் 7,000 நோயாளிகளுக்கு, 'நீங்கள் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்' என்று ஊரறியச் சொன்னது. சோதனையில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி அந்த நாற்காலியில் தொற்றியது உறுதியானது. அந்த நாட்டில் பல் சிகிச்சையில் அப்படி நோயாளியிடமிருந்து நோயாளிக்கு என்று நிரூபிக்கப்பட்ட முதல் ஹெபடைடிஸ் சி தொற்று அது. அவர்கள் மேல் நமக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். ஆனால் 7,000 பேரிடம் வாய் திறந்து சொன்னார்கள்.

இப்போது வாணியம்பாடிக்கு வாருங்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய வட ஆர்க்காட்டுப் பக்கம்தான். 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் திருப்பத்தூர் மாவட்டத்தையும் சுற்று மாவட்டங்களையும் சேர்ந்த 21 பேர் காய்ச்சலும் தலைவலியும் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி அவர்கள் மூளையைத் தாக்கியிருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் துருவிப் பார்த்தபோது, 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். கிளினிக்கோடு தொடர்பில்லாத 11 பேரில் இறந்தது ஒருவர்.

காரணம் என்ன? ஏதாவது அதிநவீனக் கோளாறா? கோடி ரூபாய் எந்திரம் பழுதா? சலைன் போத்தல், ஐயா, உப்புத் தண்ணீர்ப் போத்தல். ஈறை எலும்பிலிருந்து பிரிக்கப் பயன்படும் கருவியாலேயே போத்தலைத் திறந்திருக்கிறார்கள். பாதி ஊற்றியபின் மேலே பஞ்சை அடைத்து வைத்து, அடுத்த வாய்க்கும் அதையே எடுத்திருக்கிறார்கள். கிளினிக்கில் பயன்பாட்டில் இருந்த போத்தலில் கிருமி இருந்தது. பிரிக்காத போத்தல்களில் இல்லை. ஒரு போத்தல் சலைன் என்ன விலை வரும்? ஒரு தே தாரிக்கும் இரண்டு ரொட்டியும் சாப்பிடுகிற காசு. அந்தக் காசை மிச்சம் பிடித்ததில் எட்டு வீட்டில் எழவு விழுந்தது.

அதைவிட எரிச்சல் அடுத்தது. இது 2023இல் தெரிந்த கதை. தெருவில் இருக்கிறவனுக்கு எப்போது தெரிந்தது? 2025இல், 'லான்செட்' குழும இதழில் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை வந்து, அதை நாளிதழ் எடுத்து எழுதிய பிறகு. இரண்டு ஆண்டுகள்! அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த மற்றவர்கள், தலைவலி வரும்போதெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டு அறியாமையில் சுகமாக இருந்தார்கள். மக்களைப் பீதியடையச் செய்யக் கூடாது என்பது ஆட்சியாளர்கள் எல்லா நாட்டிலும் ஓதுகிற மந்திரம். மக்கள் பீதியடையாமல் சாவது அவர்களுக்கு உத்தமம்.

"அது இந்தியாப்பா, அங்கே அப்படித்தான்" என்று டெங்கிலில் சிலர் உச்சுக்கொட்டுவார்கள். நம் ஆட்களுக்கு இந்தச் சுகம் பழக்கம். ஊரைப் பற்றி ஒரு கெட்ட சேதி வந்தால் கடல் தாண்டிய மிதப்பு வந்துவிடும். அவர்களுக்கு ஒரு தகவல். இந்தக் கிருமியை முதலில் விவரித்தவர்கள் 1912இல் ரங்கூனில் இருந்த விட்மோரும் கிருஷ்ணசாமியும். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்த சோதனை விலங்குகள் கூட்டமாகச் செத்தன. காரணம் தேடிய ஸ்டான்டனும் பிளெட்சரும் 1921இல் அந்த நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். நோய்க்குப் பெயர் சூட்டு விழா நடந்ததே கோலாலம்பூரில். மலேசிய மண்ணில் அது இன்றும் நிரந்தரக் குடி, அதுவும் சேற்றிலும் தேங்கிய நீரிலும். டெங்கில் எங்கே இருக்கிறது? லங்காட் ஆற்றங்கரையில். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஜெண்டராம் பக்கம் வீட்டுக்குள் சேற்றை வாரிக் கொட்டியவர்களைக் கேளுங்கள், நமக்குச் சேற்றில் பஞ்சமா என்று. கிருமி இருக்கிறது, சலைன் போத்தல் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது. குறுக்கே நிற்க வேண்டியது ஒரே ஒரு ஆள்தான், போத்தலை எடுத்துப் பார்க்கும் அதிகாரி. அவர் பெயர்ப்பலகையை அளந்துகொண்டிருக்கிறார்.

இதெல்லாம் பதிவு பெற்ற கிளினிக்கின் கதை. பதிவே இல்லாத மகானுபாவர்களின் கதை இன்னும் சுவை. இங்கே இளசுகளுக்குப் பல்லில் கம்பி கட்டுவது ஒரு நகை. தனியார் கிளினிக்கில் முறையாகக் கட்டினால் ஐயாயிரம், ஆறாயிரம் வெள்ளி ஆகும். அரசாங்கக் கிளினிக்கில் காசு சொற்பம், ஆனால் வரிசை ஆண்டுக்கணக்கு. பேர் கொடுத்த பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். அந்த இடைவெளியில் புகுந்தார்கள் ஓட்டல் அறைப் பல் வைத்தியர்கள். இணையத்தில் வாங்கிய கம்பி, பசை, ஒரு கைவிளக்கு. விளம்பரம் இன்ஸ்டாகிராமில், சிகிச்சை ஹோம்ஸ்டே கட்டிலில், கட்டணம் சில நூறு வெள்ளி, நிறம் உங்கள் விருப்பம். பல் ஆடி, ஈறு அழுகி, வேர் கரைந்த பிறகு அதே பிள்ளை உண்மையான மருத்துவரிடம் வந்து மொத்தமாக ஐயாயிரத்துக்கு மேல் கொட்டும்.

2017இல் மலாக்காவில் 20 வயதுப் பெண் ஒருவர் இப்படிப் பிடிபட்டார். யூடியூப் பார்த்துக் கற்றதாகச் செய்தி. பதிவில்லாத பல் கிளினிக் நடத்தியதற்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் போட்டது, கட்டாவிட்டால் ஆறு மாதச் சிறை. உள்ளே போனார். உடனே நாடு பொங்கியது. எதற்காக? அவர் கட்டிய கம்பியால் யார் பல் போனது என்று விசாரிக்க என்று நினைத்தால் நீங்கள் இந்த நாட்டுக்குப் புதிது. பொதுமக்கள் நன்கொடை திரட்டி அபராதத்தைக் கட்டி, சில நாளில் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். வயது சின்னது, வறுமை, வாழட்டும் என்றார்கள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை, 20 வயதில் யாருக்குத்தான் புத்தி? கோபம் கொடுத்த கைகள் மேல். பல் இழந்தவர்களுக்காக இப்படி ஒரு உண்டியல் குலுங்கியிருக்குமா?

பத்தாண்டு முன்னால் போனால் எதிர்ப்பக்கம் தெரியும். 2007இல் முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற ஒரு மருத்துவர், கிளினிக்கைச் சட்டம் 586இன் கீழ்ப் பதிவு செய்யவில்லை என்பதற்காக 1 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டு, கட்டாமல் சிறைக்குப் போனார். அவருக்கு வைத்தியம் தெரியும், பாரம் நிரப்பத்தான் பிந்திவிட்டார். இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டத்தின் பார்வையில் பெரிய குற்றம் வைத்தியம் தெரியாமல் இருப்பது அல்ல, காகிதம் இல்லாமல் இருப்பது. சட்டப்படி உச்ச தண்டனை 3 லட்சம் வெள்ளியும் ஆறு ஆண்டுச் சிறையும். 1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் 804க்கும் பல் கூர்மைதான். கடிக்கிறதா என்பது வேறு விஷயம்.

இந்த நாட்டுக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னால் நன்றி கெட்டவனாவேன். 1949இலேயே பினாங்கில் பல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தேடி வந்து, ஒரு சிவப்பு மாத்திரையைக் கடிக்கச் சொல்லி, அழுக்குப் பல்லைக் கண்ணாடியில் காட்டி வெட்கப்பட வைத்த அந்த மிஸ்களை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க மாட்டோம். 1972இல் குழாய்த் தண்ணீரில் புளோரைடு சேர்ப்பதை நாடு தழுவிய திட்டமாக்கினார்கள். தோட்டத்துப் பிள்ளையின் வாயைக் கதவைத் தட்டி வந்து சோதித்த அரசாங்கம் இது. அதே அரசாங்கம், காசு வாங்கிக்கொண்டு வாய்க்குள் கை விடுகிறவரின் கதவைத் தட்டச் சங்கோஜப்படுகிறது.

கதவைத் தட்டினாலும் அதிகாரி போடுகிற கையெழுத்து என்ன பெறும் என்று பார்க்க டெங்கிலிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். சுகாதார அமைச்சு புத்ராஜெயாவில், கொம்ப்ளெக்ஸ் இ கட்டடத்தில் இருக்கிறது. அந்தப் புத்ராஜெயா எழும்பிய மண் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த வெள்ளைக்காரப் படைவீரர்கள் தொடங்கிய தோட்டம், உலகம் முழுக்க நட்ட பிபி ரக ரப்பர்க் கன்றுகளின் தாய்வீடு. அங்கே பால் வெட்டிய நம் ஆட்களையும் பக்கத்துத் தோட்டங்களான காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி லயங்களில் இருந்தவர்களையும் கிளப்பி, டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் ஐந்து மாடி அடுக்கு வீடுகளுக்கு அனுப்பினார்கள். தரையோடு தரையாக வாழ்ந்தவர்களுக்குப் படிக்கட்டு. சுவரெல்லாம் வெடிப்பு, மேலே கசிவு. கைத்தடியோடு படியேறிய பாட்டிகள் சுவர் வெடிப்பில் விரலை விட்டுக் காட்டினார்கள். சொந்தத் தரைவீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுவும் மறியலும் நடந்தன. அந்தக் கட்டடத்துக்கும் யாரோ ஒரு அதிகாரி வந்து பார்த்து, 'குடியிருக்கத் தக்கது' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கொடுத்திருப்பார்கள்.

எனவே கையெழுத்தின் மகிமை டெங்கில்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவர் வெடித்தாலாவது விரலை விட்டுக் காட்டலாம், படம் எடுக்கலாம், சட்டமன்ற உறுப்பினரைக் கூட்டிவந்து நிறுத்தலாம். ஹேண்ட்பீஸுக்குள் இருக்கும் எச்சிலை எப்படிக் காட்டுவது?

இதைக் கேட்டால் நல்ல பல் மருத்துவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் நோயாளியின் கண்முன் பிரிக்கிற, வித்துச் சோதனைக் குறிப்பேட்டைக் கேட்டால் எடுத்து நீட்டுகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த மௌனம் பெரிய துரோகம். நாளொன்றுக்கு எத்தனை முறை கையுறை மாற்றினாலும், கண்டபடி போத்தலுக்குப் பஞ்சு அடைக்கிறவருக்கும் அவர்களுக்கும் சுவரில் ஒரே பாரம் எஃப்தான். தரம் காத்தவனுக்கும் தரம் கெட்டவனுக்கும் ஒரே கண்ணாடிச் சட்டம். சாப்பாட்டுக் கடைக்காரனுக்காவது ஏ கிடைத்தால் வாசலில் மாட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள முடிகிறது.

'புகார் வந்தால் நடவடிக்கை எடுப்போம்' என்பார்கள். புகாருக்கும் முறை வைத்திருக்கிறார்கள். சட்டம் 586இன்படி ஒவ்வொரு கிளினிக்கும் நோயாளி குறைகளைக் கேட்கத் தனக்கென்று ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது உங்கள் பல்லைக் கெடுத்தவரிடமே போய், ஐயா என் பல்லைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எழுத்து மூலம் சமர்ப்பிக்கலாம். மரத்துப்போன உதட்டோடு பேச்சு குழறும் என்பதால் எழுத்து மூலம் என்பது ஒரு கருணைதான். ஆனால் எழுதுகிறவனுக்கு என்ன தெரியும்? வலித்தது என்பான், பில் அதிகம் என்பான், ரிசப்ஷனில் இருந்த பெண் எரிந்து விழுந்தாள் என்பான். போத்தலில் பஞ்சு அடைத்திருந்தார்கள் என்று எந்த நோயாளி எழுதுவான்? கண்ணுக்கு நேரே விளக்கு, வாய்க்குள் மூன்று கருவி, மேலே கூரை. போத்தல் தலைக்குப் பின்னால் இருக்கிறது.

வாணியம்பாடியில் அந்த எட்டுப் பேரும் எந்தப் புகாரும் எழுதவில்லை. போத்தலில் என்ன இருந்தது என்பது தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். புகார் வந்தால்தான் நடவடிக்கை என்றால் அந்தக் கிளினிக் இன்றுவரை குற்றமற்றது.

கொம்ப்ளெக்ஸ் இ-யிலிருந்து டெங்கிலுக்குக் காரில் வந்துவிடும் தூரம்தான், டோல் கூடத் தேவையில்லாத பாதை இருக்கிறது. யாராவது ஒரு அதிகாரி முன்கூட்டி அறிவிக்காமல் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பி வரட்டும், கூட்டம் அன்றைக்குத்தான். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்க்க வேண்டாம், பாரம் எஃப்-ஐயும் விட்டுவிடலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது. நேரே பின்னறைக்குப் போய் சலைன் போத்தலை எடுத்து, திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பார்த்ததை ஒரு தாளில் எழுதி, கீழே சாப்பாட்டுக் கடையில் ஏ ஒட்டியிருக்கிறார்களே, அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில், மாடிப்படி வாசலில் ஒட்டிவிட்டுப் போகட்டும். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, டேவான் பாஹாசாவிடம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.